காற்றுப்பை விளக்கின் வரலாறு: வத்தேகமவிலிருந்து ஒரு நோக்கு

கண்டி - மாத்தளை இருப்புப்பாதை 1880இல் திறக்கப்பட்டது. வத்தேகம அப்பாதையில் அமைந்த ஒரு நிலையம். தோட்டங்களின் விளைபொருளை அனுப்பிய அவ்வூரின் வீதிகளில் இன்று ஓடுவனவற்றுட் பல, யப்பானிற் சில காலம் ஓடியபின் இங்கு வந்த மோட்டார் வண்டிகளாம். இவற்றின் முகப்புப் பலகையில், அமர்ந்த மனிதனுக்கு எதிரே ஒரு வட்டம் வரைந்தாற்போன்ற சிறு குறி உண்டு. காற்றுப்பையின் எச்சரிக்கை விளக்காகிய அதன் வரலாற்றையே ஈண்டு நோக்குகின்றோம்.

காற்றுப்பைக்கு 1953இல் செருமனியரான வால்ற்றர் லிண்டரரும் அமெரிக்கரான ஜோன் ஹெட்ரிக்கும் தனித்தனியே காப்புரிமை பெற்றனர். அவர்கள் நம்பிய அழுத்தக் காற்று மோதலின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. 1960களின் பிற்பகுதியில் அலன் பிறீட் அமைத்த மோதல் உணரியும், எரிந்து நைதரசன் வாயுவை வெளியிடும் சோடியம் அசைட்டுமே வழி திறந்தன. 1973இல் ஒல்ட்ஸ்மொபைல் ரொறொனாடோவும், 1981இல் மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் வகையும், யப்பானில் 1987இல் ஹொண்டா லெஜென்டும் இதனைப் பெற்றன.

பிறேக்கை மிதித்துப் பார்க்கலாம். காற்றுப்பையை வெடிக்கச் செய்து பார்க்கவியலாது. இதனாலேயே விளக்கு வேண்டியதாயிற்று. திறப்பைத் திருப்பியதும் கட்டுப்பாட்டுப் பெட்டி தன் மின்சுற்றுகளைச் சோதிக்கும். விளக்கு ஏறத்தாழ ஆறு விநாடி ஒளிர்ந்து அணையும். அணையாதிருப்பின் பழுதென்பது வெளிப்படை. பல வண்டிகளில், அந்நிலையில் மோதல் நேரினும் பை விரியாது போகலாம். அறவே ஒளிராதிருப்பதும் பழுதே என்பதைப் பலர் அறியார். வத்தேகமவில் நாம் கண்ட ஒரு வண்டியில் அவ்விளக்கின் குமிழ் கழற்றப்பட்டிருந்தது. பழுதைத் திருத்துவதிலும் அதனை மறைப்பது விற்றவருக்கு மலிவாகத் தோன்றியது போலும்! வாங்கியவரோ ஒளிராமையை நலமென எண்ணி, ஈராண்டு தம் பிள்ளைகளை முன்னிருக்கையில் ஏற்றிச் சென்றார்.

பழுதின் இடத்தைக் குறியீடு சொல்லும். பழைய டொயோட்டா வண்டிகள் சிலவற்றில், சோதனை இணைப்பியின் இரு முனைகளைக் கம்பியால் இணைத்தால் விளக்கே சிமிட்டி எண்ணுரைக்கும். 14 என்பது சாரதியின் காற்றுப்பைச் சுற்று அறுந்தமையைக் குறிப்பது. சுக்கானுக்குள் சுருண்டிருக்கும் சுருள்வடம் அறுதல் அதற்குரிய காரணங்களுள் ஒன்று. ஹோர்னின் கம்பியும் அவ்வழியே செல்வதால், ஹோர்னும் ஒலியாதிருப்பின் ஐயம் வலுப்பெறும். பிற்கால வண்டிகளில் ‘பி’ என்னும் எழுத்தில் தொடங்கும் குறியீடுகளைக் கருவி கொண்டே வாசிக்கின்றனர். குறியீட்டை அழிப்பது திருத்தமாகாது. பழுது எஞ்சின் விளக்கு மீளும். ஓம்மானியைக் காற்றுப்பையின் முனைகளில் வைத்து அளப்பதோ உயிருக்கே இடராகும்.

எனினும் விளக்கின் அறிவுக்கும் எல்லையுண்டு. தக்காட்டா நிறுவனத்தின் ஊதிகளிற் பயன்பட்ட அமோனியம் நைத்திரேற்று, நீண்டகால வெப்பத்தாலும் ஈரத்தாலும் சிதைந்து, வெடிக்கும்போது உலோகத் துண்டுகளை வீசியது. 2008இல் ஹொண்டா தொடங்கிய மீளழைப்பு உலகெங்கும் பரவி, 2017இல் அந்நிறுவனம் முறிவடைந்தது. இக்குறையுள்ள வண்டியிலும் விளக்கு முறைப்படி ஒளிர்ந்து அணையும். ஏனெனில் அது சோதிப்பது மின்சுற்றை, மருந்தையன்று. வெப்பமும் ஈரமும் மிக்க எம் நாட்டில் அத்தகைய பழைய வண்டியை வைத்திருப்போர், அடிச்சட்ட எண்ணைக் கொண்டு உற்பத்தியாளரின் மீளழைப்புப் பட்டியலிலேயே அதனைத் தேடியறிதல் வேண்டும்.