கல்லுக்குள் காற்று - தென்காசி கோபுரம் முதல் சுவீடன் ஆலை வரை

தென்காசிக்கு எந்தப் பக்கமிருந்து வந்தாலும் முதலில் கண்ணில் படுவது காசி விசுவநாதர் கோயில் கோபுரம்தான். 15-ம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எடுப்பித்த கோயில் அது. கோபுரம் இடையில் சிதைந்து, நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாகவே நின்றது. ஒன்பது நிலைகளோடு மறுபடி எழும்பிக் குடமுழுக்கு கண்டது 1990-ல். பின்னாளில் இந்தக் கோயிலைப் பழுது பார்ப்பவர்களின் பாதங்களை வணங்குவதாகப் பாண்டியன் கல்வெட்டில் எழுதி வைத்தான் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. கட்டடம் என்றால் பழுதும் வரும் என்று தெரிந்து வைத்திருந்த ராஜா!

இந்தக் கோபுரத்தை மட்டுமல்ல, தென்னாட்டுப் பெரிய கோபுரம் எதை வேண்டுமானாலும் உற்றுப் பாருங்கள். அடிப்பகுதி கருங்கல். மேலே போகப் போகச் செங்கல், சுண்ணாம்பு, சுதை. அடியிலிருந்து உச்சி வரை கருங்கல்லாகவே அடுக்கினால் அடித்தளம் தாங்க வேண்டிய பாரம் எங்கோ போய்விடும். எனவே உயரத்தில் எடை குறைந்த பொருளை வைத்தார்கள். ரோமாபுரிக்காரர்களும் இதே கணக்கைத்தான் போட்டார்கள். கி.பி. 2-ம் நூற்றாண்டில் கட்டிய பாந்தியன் கோயிலின் கவிகைக் கூரையில், உச்சிக்கு அருகே எரிமலை நுரைக்கல்லைக் கான்கிரீட்டில் கலந்திருக்கிறார்கள். நுரைக்கல் என்பது காற்றுக் குமிழிகள் நிறைந்த கல். தண்ணீரில் போட்டால் மிதக்கும்.

எரிமலை இல்லாத ஊரில் நுரைக்கல்லுக்கு எங்கே போவது? செய்துதான் கொள்ள வேண்டும். இன்று கட்டடச் சாமான் கடைகளில் வெள்ளை அல்லது சாம்பல் நிறத்தில், கேக் துண்டு மாதிரி அடுக்கி வைத்திருக்கும் ஏ.ஏ.சி. பிளாக் அப்படிச் செய்த கல்தான். பார்ப்பதற்குப் புதுசாகத் தெரிந்தாலும் இதற்கு நூறு வயது ஆகிவிட்டது.

கதை சுவீடனில் தொடங்குகிறது. அந்த நாட்டில் வீடு என்றால் மரவீடு. முதல் உலகப் போருக்குப் பின் எரிபொருளுக்கும் மரத்துக்கும் தட்டுப்பாடு வந்தது. குளிர்நாட்டில் சுவர் குளிரை உள்ளே விடக்கூடாது. செங்கல் சுவர் அந்த வேலையை மரத்தைப் போலச் செய்யாது. மரத்தைப் போல வெப்பத்தைக் காக்க வேண்டும், ஆனால் மரத்தைப் போல எரியவோ உளுத்துப் போகவோ கூடாது. அப்படி ஒரு பொருளைத் தேடியவர்களில் ஒருவர் ஸ்டாக்ஹோமில் இருந்த கட்டடக் கலைஞர் ஆக்சல் எரிக்சன்.

அலுமினியப் பொடியைச் சுண்ணாம்புக் கலவையில் போட்டால் ஹைட்ரஜன் வாயு கிளம்பும் என்பது அதற்கு முன்பே தெரியும். 1914-லேயே அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். எரிக்சனுக்கு 1924-ல் காப்புரிமை கிடைத்தது. வாயுவால் பொங்க வைத்த கலவையை அழுத்தத்தோடு கூடிய நீராவியில் வேகவைப்பது என்ற வழி அவரது வேலையிலிருந்து வளர்ந்தது. பொங்க வைப்பது பாதி, வேகவைப்பது மீதி. இரண்டும் சேர்ந்தபோதுதான் வீடு கட்டும் கல் வந்தது.

வீட்டில் இட்லி அவிப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பொடியாக்கிய மணல் அல்லது நிலக்கரிச் சாம்பல், சுண்ணாம்பு, சிமெண்ட், கொஞ்சம் ஜிப்சம், தண்ணீர் எல்லாம் சேர்ந்ததுதான் மாவு. அலுமினியப் பொடி மிகச் சிறிதளவு போதும், மொத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட வராது. பெரிய அச்சில் ஊற்றியதும் மாவு பொங்கி எழும்பும். ஓரளவு இறுகியதும் கம்பியால் துண்டு போடுவார்கள். பிறகு பிரம்மாண்டமான இட்லிக் கொப்பரை போன்ற ஆட்டோகிளேவில் ஏற்றி, சுமார் 180 - 190 டிகிரி வெப்பத்தில், காற்றழுத்தத்தைப் போலப் பத்துப் பன்னிரண்டு மடங்கு அழுத்தத்தில், பல மணி நேரம் வேகவைப்பார்கள். இதில் சுண்ணாம்பும் சிலிக்காவும் கூடி டோபர்மோரைட் என்ற படிகம் உண்டாகிறது. கல்லுக்கு வலு தருவது அதுதான். ஹைட்ரஜன் வெளியே போய்விடும், அந்த இடத்தில் காற்று வந்து உட்கார்ந்துகொள்ளும்.

1929-ல் யக்ஸ்ஹுல்ட் என்ற ஊரின் பெயர் கொண்ட கல்லுடைப்பு நிறுவனம் இதை ஆலையில் செய்யத் தொடங்கியது. அந்த ஊர்ப் பெயரின் முதல் எழுத்தும், வாயுக் கான்கிரீட்டுக்கு உரிய சுவீடிஷ் சொல்லின் வால் பகுதியும் சேர்ந்துதான் யடாங் என்ற வியாபாரப் பெயர் பிறந்தது. 1930-களில் சிபோரெக்ஸ் என்ற போட்டியாளர் வந்தார். யடாங் சுண்ணாம்பை நம்பியது, சிபோரெக்ஸ் சிமெண்டை நம்பியது. இரும்புக் கம்பி வைத்துப் பெரிய பலகைகளாக வார்க்கும் வழக்கமும் வந்தது. சுவருக்கு ஒரு பலகை, கூரைக்கு ஒரு பலகை என்று சீட்டுக்கட்டு வீடு போல அடுக்கலாம் அல்லவா? ஜெர்மனியில் ஜோசப் ஹெபல் 1940-களில் இதே தொழிலில் இறங்கினார். குண்டு வீச்சில் தரைமட்டமான ஊர்களைத் திரும்பக் கட்ட வேண்டியிருந்த காலம்.

சுவீடனில் ஒரு பெரிய தவறும் நடந்தது. சுண்ணாம்பு சுடுவதற்கு அங்கே கிடைத்த படிகாரக் களிப்பாறையை எரித்தார்கள். அந்தப் பாறையே எரியும், செலவு மிச்சம். அதன் சாம்பலும் கல்லிலேயே சேர்ந்தது, கல்லும் நீல நிறமாக வந்தது. நீலக் கான்கிரீட் என்றே பெயர். ஆனால் அந்தப் பாறையில் யுரேனியமும் ரேடியமும் இருந்தன. சுவரிலிருந்து ரேடான் என்ற கதிரியக்க வாயு வீட்டுக்குள் கசிந்தது. ஜன்னலை எப்போதும் அடைத்தே வைக்கும் குளிர்நாட்டில் அது உள்ளேயே தங்கியது. 1975-ல்தான் நீலக் கான்கிரீட் உற்பத்தி நின்றது. அதற்குள் லட்சக்கணக்கான வீடுகளின் சுவரில் அது ஏறிவிட்டது. குற்றம் குமிழியில் இல்லை, மலிவாகக் கிடைத்தது என்று உள்ளே போட்ட பொருளில் இருந்தது.

இனி இந்தியா. 1947 பிரிவினையின்போது டெல்லிக்கு மட்டும் ஏறத்தாழ 5 லட்சம் அகதிகள் வந்து சேர்ந்தார்கள். பழைய கோட்டையிலும் கல்லறைத் தோட்டங்களிலும் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். செங்கல் சுட்டு, கொத்தனார் வைத்து, ஒவ்வொரு வீடாகக் கட்டினால் எத்தனை வருடம் ஆகும்? அரசின் வீட்டுவசதி இயக்குநராக 1948-ல் பொறுப்பேற்றவர் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்து, மைசூர் சமஸ்தானத்தின் தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்த யூதர். வீட்டை ஆலையில் செய்து லாரியில் ஏற்றி அனுப்பலாம் என்பது அவர் கண்ட கனவு. டெல்லி ஜங்புராவில் அரசாங்க வீட்டுத் தொழிற்சாலை எழுந்தது. காற்றுக் குமிழி நிறைந்த கான்கிரீட் பலகைகளைப் பொருத்தி வீடாக்குவதுதான் திட்டம். நேருவின் அமைச்சரவையில் சுகாதார அமைச்சராக இருந்த ராஜ்குமாரி அம்ரித் கௌரின் துறை இதை நடத்தியது.

ஆலை நின்றது, வீடு நிற்கவில்லை. பலகைகளில் விரிசல் விழுந்தது, தூக்கி எடுத்துப் போகும்போது உடைந்தது. பணம் போட்ட அளவுக்கு வீடு வரவில்லை என்று பாராளுமன்றத்தில் கேள்வி மேல் கேள்வி. கோனிக்ஸ்பெர்கர் 1951-ல் இந்தியாவை விட்டு லண்டனுக்குப் போனார். பின்னர் வெப்பநாட்டுக் கட்டடக் கலையைச் சொல்லித்தரும் ஆசிரியராக உலகப் புகழ் பெற்றார் என்பது தனிக்கதை. ஜங்புரா ஆலை 1950-களில் ஹிந்துஸ்தான் ஹவுசிங் ஃபேக்டரி என்று மறுவாழ்வு பெற்று, 1978-ல் ஹிந்துஸ்தான் ப்ரீஃபேப் என்று பெயர் மாறியது.

இந்தத் தோல்விக்காக அவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. கூடாரத்தில் மழையில் நனையும் மக்களுக்கு அவசரமாக ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. ஆனால் இந்த மண்ணில், இந்த வெயிலில் சோதித்துப் பார்க்காத ஒரு பொருளை நேராக ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு என்று முடிவு செய்ததுதான் சிக்கல்.

அதன்பின் 1972-ல் புனேயில் சிர்கே நிறுவனம் சுவீடனின் சிபோரெக்ஸோடு கைகோர்த்து ஆலை போட்டது. அதற்கு ஓராண்டு முன், 1971-லேயே, கம்பி வைத்த காற்றூட்டிய கான்கிரீட் பலகைகளுக்கு இந்தியத் தரநிலைகள் வந்துவிட்டன. சுவர்ப் பலகைக்கு ஐ.எஸ். 6072, தளத்துக்கும் கூரைக்கும் ஐ.எஸ். 6073. பிளாக்குகளுக்கு உரியது ஐ.எஸ். 2185-ன் மூன்றாம் பகுதி, 1984. தமிழ்நாட்டில் வீட்டு வசதி வாரியமே எண்ணூரில் செல்லுலார் கான்கிரீட் ஆலை ஒன்றை வைத்திருந்தது. ஆனாலும் செங்கல் மலிவாகக் கிடைத்த வரை இந்தக் கல்லை யாரும் பெரிதாகச் சீண்டவில்லை.

நிலைமையை மாற்றியது சாம்பல். தூத்துக்குடி அனல் மின் நிலையத்தின் முதல் அலகு 1979-ல் ஓடத் தொடங்கியது. பிறகு 210 மெகாவாட் வீதம் ஐந்து அலகுகள், மொத்தம் 1050 மெகாவாட். இந்திய நிலக்கரியில் சாம்பல் அதிகம், மூன்றில் ஒரு பங்கு கூட வரும். அதை எங்கே கொட்டுவது? செங்கல்லுக்கோ வயல் மேல்மண்ணையும் குளத்து மண்ணையும் வெட்டுகிறார்கள். இரண்டையும் சேர்த்து மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 1999 செப்டம்பரில் ஓர் அறிவிக்கை போட்டது. அனல் மின் நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டர் சுற்றளவில் செங்கல் செய்பவர்கள் சாம்பலையும் கலக்க வேண்டும். 2003-ல் அது 100 கிலோமீட்டர் ஆனது.

மணலுக்கும் பிரச்சினை வந்தது. தாமிரபரணியில் அள்ளிய மணல் கொஞ்சமா நஞ்சமா! 2010 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் ஐந்தாண்டுகளுக்கு மணல் அள்ளத் தடை போட்டது. கட்டட வேலை எம்-சாண்டுக்குத் திரும்பியது. எம்-சாண்ட் என்றால் மலையை உடைத்த தூள். தென்காசி வட்டாரத்துக் குவாரிகளிலிருந்து புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போகும் லாரிகளைப் பற்றி உள்ளூர் மக்கள் புலம்புவது செய்தித்தாள்களில் வராத மாதம் குறைவு. சாம்பலில் செய்த ஏ.ஏ.சி. கல்லுக்கு ஆற்று மணல் வேண்டாம். ஒட்டுவதற்கும் மூன்று மில்லிமீட்டர் பசைக் கலவை போதும்.

எடைக் கணக்கையும் பார்த்துவிடலாம். 600 x 200 x 200 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு பிளாக், கனமீட்டருக்கு 600 கிலோ அடர்த்தி என்று வைத்தால், 14 கிலோ சொச்சம். அதே இடத்தை அடைக்கச் சுமார் 12 செங்கல் வேண்டும். கல்லுக்கு மூன்று கிலோ என்றாலே 36 கிலோ, சாந்து தனி. சுவர் இலேசானால் பீமும் பில்லரும் அஸ்திவாரமும் மெலியலாம், கம்பி மிச்சம். சித்திரை வெயிலில் சுவர் வழியாக உள்ளே வரும் சூடும் குறையும். ஆனால் பாரம் தாங்கும் வேலையைச் செங்கல்லைப் போல இதனிடம் நம்பி விட முடியாது. பில்லர் போட்ட கட்டடத்தில் இடைச்சுவர், வெளிச்சுவர் என்றால் சரி.

பலகைகளின் கதை இன்னும் கவலைக்குரியது. பிரிட்டனில் 1950-களிலிருந்து பல பள்ளிக்கூடங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் கம்பி வைத்த ஏ.ஏ.சி. பலகைகளால் தட்டைக்கூரை போட்டார்கள். 2018-ல் கென்ட் பகுதியில் ஒரு தொடக்கப் பள்ளியின் கூரை இடிந்து விழுந்தது. வார விடுமுறை என்பதால் பிள்ளைகள் தப்பினார்கள். 2023 ஆகஸ்ட் 31 அன்று, பள்ளி திறக்கச் சில நாட்களே இருந்தபோது, நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளின் கட்டடங்களை மூடச் சொன்னது அரசு. கூரையில் தண்ணீர் தேங்கிக் குமிழிகள் வழியாக இறங்கியது. சாதாரணக் கான்கிரீட் கம்பிக்குத் தரும் பாதுகாப்பை இது தராது, மேலே பூசிய பூச்சைத்தான் நம்பியிருந்தது. உள்ளே துரு ஏறியது வெளியே தெரியவில்லை.

தண்ணீர் என்றதும் குற்றாலம் நினைவுக்கு வராமல் இருக்குமா? ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆரியங்காவு கணவாய் வழியாக நுழையும் காற்று சாரலைச் செங்குத்தாகக் கொட்டுவதில்லை, பக்கவாட்டில் அடிக்கிறது. கூரையை விட மேற்குச் சுவர்தான் அதிகம் நனையும். நாள் கணக்கில் காயாது. ஏ.ஏ.சி. கல்லோ தண்ணீரை உறிஞ்சும் கல். இந்தப் பக்கம் இதில் கட்டும்போது கொத்தனார்கள் செங்கல் பழக்கத்தில் கல்லை ஊறப் போட்டுவிடுகிறார்கள். அது கூடாது, மேலே லேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும். ஊறின கல் பின்னால் காயும்போது சுருங்கும், பூச்சில் தலைமுடி போல விரிசல் ஓடும், அந்த விரிசலில் அடுத்த சாரல் இறங்கும். பில்லரும் கல்லும் சேரும் இடத்தில் வலை வைத்துப் பூச வேண்டும் என்பதும் இதற்காகத்தான்.

1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த செங்கோட்டையில் பழைய வீடுகளைப் பார்த்தால் இந்தச் சாரலுக்கு முன்னோர் கண்ட வழி தெரியும். சரிந்த ஓட்டுக்கூரை, சுவரைத் தாண்டி நன்றாக நீண்டு இறங்கும் இறவாணம். குற்றாலம் சித்திர சபையும் மரமும் செப்புத் தகடும் கொண்ட சரிவுக்கூரைதான். சுவர் என்ன கல்லாக இருந்தாலும் நனையாமல் பார்த்துக்கொண்டது அந்த இறவாணம். கான்கிரீட் தளம் வந்தபின் வீடுகள் பெட்டி மாதிரி ஆயின, இறவாணம் ஒன்றரை அடி சன்ஷேடாகச் சுருங்கியது, சில புது லாட்ஜுகளில் அதுவும் இல்லை. செங்கல் சுவர் எப்படியோ சமாளித்தது. உடம்பெல்லாம் குமிழி கொண்ட புதுக் கல்லுக்கு, மேற்குப் பக்கத்திலாவது, அந்த நீண்ட இறவாணம் திரும்ப வேண்டியிருக்கிறது.