வண்ணக்கர் கண்ணும் வழுவுற்ற காசும்

சங்கப் புலவருள் 'வண்ணக்கன்' என்னும் அடை பெற்றோர் சிலர் உளர். வடமவண்ணக்கன் தாமோதரனார், வடமவண்ணக்கன் பேரிசாத்தனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான் ஆகியோர் அவருட் குறிக்கத்தக்கோர். வண்ணக்கன் என்பான் காசின் தரம் நோக்குவோன். காசு நோக்கிய கண்ணே கவிதையும் நோக்கிற்று என்பது, புலவர் கூடும் இவ்வட்டத்தார்க்கு உவப்பளிக்கும் செய்தியாகும். அக்கண் கொண்டு நோக்கத்தக்க ஒரு காசின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

1911ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உருவம் தாங்கிய புதிய வெள்ளி ரூபாய், கல்கத்தா, பம்பாய் அக்கசாலைகளில் அச்சிடப்பெற்றது. முடி புனைந்து அரச ஆடை அணிந்த மன்னரின் மார்புமாலையில் சிறியதொரு யானை இடம்பெற்றிருந்தது. அதன் துதிக்கை குறுகியிருந்தமையால், கண்டோர் கண்ணுக்கு அது பன்றியாகவே தோன்றிற்று. இசுலாமியரின் சமய உணர்வு புண்படும் என்ற அச்சம் எழுந்தது. தோட்டாவில் தடவிய கொழுப்புப் பற்றிய செய்தி 1857ஆம் ஆண்டு எழுச்சிக்கு ஒரு காரணமாய் அமைந்ததை ஆள்வோர் மறந்திருக்க இயலாது. அச்சிட்ட ஏறத்தாழ 94 இலட்சம் காசுகளுள் 7 இலட்சம் அளவே புழக்கத்திற்கு வந்தன என்றும், எஞ்சியவை உருக்கப்பெற்றன என்றும் நாணயவியலார் கூறுவர். 1912ஆம் ஆண்டுக் காசில் யானையின் துதிக்கை நீண்டது, செவியும் அகன்றது. முந்தைய காசுக்குப் 'பன்றி ரூபாய்' என்னும் பெயரே நிலைத்துவிட்டது.

இது பிழைக்காசா? காசுகளில் காணும் வேறுபாடுகளை மூவகையாகப் பகுக்கலாம். அச்சிலேயே அமைந்த வேறுபாடு, அவ்வச்சால் அடித்த காசுகள் அனைத்திலும் காணப்படும். அடிக்கும்போது நேர்ந்த வழு, அவ்வொரு காசோடு நின்றுவிடும். உரு ஓரம் விலகுதலும் இருமுறை பதிதலும் இவ்வகையின. புழக்கத்தில் நேர்ந்த கீறலும் தேய்வும் மூன்றாம் வகை. இவை வழு அல்ல, வெறும் சிதைவே. சுவடி பதிப்பித்தோர் இப்பகுப்பை எளிதில் உணர்வர். மூல ஏட்டின் பிழை, அதனைப் பார்த்து எழுதிய படிகளெல்லாவற்றிலும் தொடரும். ஒருவர் கைப்பிழை அவர் எழுதிய படியிலிருந்தே தொடங்கும். செல்லரித்த இடம் பாடவேறுபாடு ஆகாது. பன்றி ரூபாய் முதல்வகையது. செதுக்கியவர் யானையையே செதுக்கினார். பன்றியைக் கண்டது மக்கள் கண். ஆதலின் அதனைப் பிழை என்பதினும் 'வகை' என்பதே பொருந்தும்.

மெய்க்காசைத் தெளிதற்கும் அகச்சான்றே துணை. 1911 என்னும் ஆண்டும் நீண்ட துதிக்கையும் ஒரே காசில் காணப்படின், ஆண்டெண் பிற்காலத்தில் திருத்தப்பட்டதோ என ஐயுறல் வேண்டும். எடை 11.66 கிராம் அளவினதாய் இருத்தல் வேண்டும். தேய்வு சிறிதாயிருக்க எடை பெரிதும் குறையின் அதுவும் ஐயத்திற்குரியது. பின்புறத்தே தாமரை மொட்டின்கீழ் சிறுபுள்ளி இருப்பின் அது பம்பாய்க் காசு; இல்லையேல் கல்கத்தாக் காசு. மதிப்பிடுங்கால் கதையின் கவர்ச்சியையும் காசின் அருமையையும் வேறுபடுத்தி நோக்குதல் நன்று. இலட்சக்கணக்கில் வெளிவந்த காசு, தன் கதையளவுக்கு அரியதன்று.

இரு தீமைகள் ஈண்டு அஞ்சத்தக்கன. விலை கருதி நற்காசைச் சுரண்டி வழுக்காசாக்குவது ஒன்று. பழகாத வடிவைக் கண்டவுடன் பிழையென்று ஒதுக்குவது மற்றொன்று. முன்னது ஒரு காசைக் கெடுக்கும். பின்னது ஒரு சான்றையே அழிக்கும். ஏட்டில் கண்ட அருஞ்சொல்லைப் பிழையெனத் துணிந்து எளிய சொல்லாக மாற்றிய கைகளால் நாம் இழந்த பாடங்கள் எத்தனையோ! திருத்துமுன் ஐயுறுக; ஐயுற்றபின் ஒப்புநோக்குக; அதன்பின்னரே முடிவு கூறுக என்பதே வண்ணக்கர் நெறியாதல் வேண்டும். பத்தாண்டு நிறைவெய்தும் நம் வட்டத்தில், பிறர் கவிதையை எடைபோடும் நாமும் அந்நெறி நிற்போமாக.