மாகாணியும் கணினியும்



திண்ணைப் பள்ளி மாணவர் எண்சுவடியை உரக்கச் சொல்லி மனனம் செய்தனர். முழு எண்களோடு கால், அரைக்கால், மாகாணி முதலிய பின்னங்களுக்கும் வாய்பாடு இருந்தது. சீரான இடைவெளியில் வளரும் எண்தொடரே வாய்பாடு.

இன்று அதே பணியைக் கணினி மொழிகள் செய்கின்றன. 1976-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்சும் குழுவினரும் ‘எஸ்’ என்னும் புள்ளியியல் மொழியைத் தொடங்கினர். அதனைப் பின்பற்றி, நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் ‘ஆர்’ மொழியைப் படைத்தனர். அதன் 1.0.0 பதிப்பு 29.2.2000 அன்று வெளிவந்தது. தொடக்கம், முடிவு, இடைவெளி மூன்றையும் கொடுத்தால் ‘ஆர்’ எண்தொடரைத் தரும்.

0 முதல் 1 வரை, 0.1 இடைவெளியில் கேட்டால் நான்காம் எண் 0.3 என வரும். ஆனால், அது 0.3-க்குச் சமமா என்று வினவினால் ‘இல்லை’ என்கிறது! கணினி இரும எண்களில் கணக்கிடுவதால் பத்தில் ஒன்று அதனுள் முழுமையாக அடங்குவதில்லை. இருபதில் ஒன்றான ‘மா’வும் அப்படியே. பாதி பாதியாகப் பகுத்த கால் (1/4), அரைக்கால் (1/8), மாகாணி (1/16) ஆகியனவோ இம்மியும் பிசகுவதில்லை.

லூமுட்டில் என் மாணவர்கள் அரையும் காலும் அறிவர். அரைக்காலும் மாகாணியும் அறியார். கணினிக்குப் பொருந்தும் பின்னங்களுக்குத் தமிழில் பெயருண்டு என்பதை அவர்களுக்குச் சொல்வது நம் கடமையன்றோ?