கலங்கரை விளக்கத்தடியில் ஒரு வரலாற்றுப் பாடம்

சிரம்பான் நகரிலிருந்து மேற்கே சென்றால் மலாக்கா நீரிணையின் கரையில் போர்ட்டிக்சன் நம்மை வரவேற்கின்றது. பள்ளி விடுமுறை தொடங்கியதும் பேருந்துகளிலும் மகிழுந்துகளிலும் மக்கள் அங்கே திரள்கின்றனர். அக்கடற்கரைகளை மைல் கணக்கால் சுட்டும் பழைய வழக்கம் இன்னும் மறையவில்லை. தங்கும் விடுதிகள் கரையை அணிசெய்கின்றன. மரீனாவில் செல்வர்களின் பாய்மரப் படகுகள் வரிசையாக நிற்கின்றன. தெற்கே, காடு சூழ்ந்த முனையொன்றின் உச்சியில் வெண்ணிறக் கலங்கரை விளக்கமொன்று நிமிர்ந்து நிற்கின்றது. அதனருகே ஒரு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவது பெரும்பாலோர் வழக்கம். அவ்விளக்கம் ஏன் அங்கே நிற்கிறது என்று கேட்பவர் மிகச் சிலரே. இக்கட்டுரை அக்கேள்வியிலிருந்து புறப்படுகின்றது.

கலங்கரை விளக்கம் என்பது நம் மொழியின் அழகிய சொற்களுள் ஒன்று. கரைதல் என்பதற்கு அழைத்தல் என்பது பொருள். கலங்களை அழைக்கும் விளக்கு கலங்கரை விளக்கம் ஆயிற்று. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையிலேயே இச்சொல் இடம்பெற்றுள்ளது. போர்ட்டிக்சனுக்கு அருகிலுள்ள இந்த விளக்கு அழைத்த கலங்கள் யாருடையவை? அவை எதைக் கொணர்ந்தன, எதைக் கொண்டு சென்றன? இவற்றிற்கு விடை காண முற்பட்டால் நாட்டின் வரலாறே நம்முன் விரிகின்றது.

முனையின் பெயர்களையே முதலில் நோக்குவோம். மலாய் மக்கள் அதனைத் தஞ்சோங் துவான் என்பர். 1511ஆம் ஆண்டில் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியரோ அதனைக் காபோ ராச்சாடோ என்றனர். பிளவுண்ட முனை என்பது அதன் பொருள். பதினாறாம் நூற்றாண்டிலேயே அவர்கள் அங்கு விளக்கேற்றினர் என்று கூறுவர். மலாக்காவை நோக்கி வரும் கப்பல்களுக்கு அம்முனை தவறவிடலாகாத அடையாளமாக இருந்தது.

1606ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அம்முனைக்கு அப்பாலுள்ள கடல் போர்க்களமாயிற்று. ஜொகூர் அரசின் துணையுடன் மலாக்காவை முற்றுகையிட்டிருந்த ஒல்லாந்துத் தளபதி மாத்தெலீப், கோவாவிலிருந்து பெரும்படையுடன் வந்த போர்த்துக்கீசிய ஆளுநர் மார்த்திம் அபோன்சோ டி காஸ்ட்ரோவை அங்கு எதிர்கொண்டார். இரு தரப்பும் கப்பல்களை இழந்தன, முற்றுகை கைவிடப்பட்டது. அன்று மூழ்கிய ஒல்லாந்துக் கப்பல்களுள் ஒன்றான நாசாவின் சிதைவுகள் 1990களில் கடலடியில் கண்டறியப்பட்டு ஆராயப்பட்டன. விடுமுறையாளர் நீராடும் கரைக்கு அப்பால் நான்கு நூற்றாண்டுக்கால வரலாறு மணலில் புதைந்து கிடந்தது! இறுதியில் 1641இல் மலாக்கா ஒல்லாந்தர் வசமாயிற்று. 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பிரிட்டிஷார் கைக்குச் சென்றது. இன்று நாம் காணும் விளக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில், அவர்கள் காலத்தில் எழுந்தது. சுற்றிலும் நெகிரி செம்பிலான் மண்ணாக இருக்க, அம்முனை மட்டும் இன்றும் மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்ததாக விளங்குவது, கடற்பாதையை ஆண்டோர் அதற்கு அளித்த மதிப்பை நினைவூட்டுகின்றது.

இனி நகரத்துக்கு வருவோம். அருகிலுள்ள லுக்குட்டில் ராஜா ஜுமாட் 1847இல் கோட்டை அமைத்து ஈய வணிகத்தை வளர்த்தார். போர்ட்டிக்சன் அக்காலத்தில் அராங் எனப்பட்டது. அது கரியைக் குறிக்கும் மலாய்ச் சொல். பின்னர்ப் பிரிட்டிஷ் அதிகாரியான சர் ஜான் பிரடெரிக் டிக்சனின் பெயர் அவ்வூருக்கு அமைந்தது. சுங்கை ஊஜோங் ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுவர 1891இல் சிரம்பானிலிருந்து இரயில்பாதை திறக்கப்பட்டது. தைப்பிங், கிள்ளான் பாதைகளை அடுத்து, நம் நாட்டில் எழுந்த தொடக்ககாலப் பாதைகளுள் அதுவும் ஒன்று. ஈயத்தைத் தொடர்ந்து இரப்பர் வந்தது. சுற்றுப்புறமெங்கும் தோட்டங்கள் பெருகின.

கரியைக் குறித்த பெயர் மறைந்து அதிகாரியின் பெயர் நிலைத்தது. ஆனால், காட்டை அழித்துத் தோட்டம் அமைத்தவரின் பெயர் எங்கே? அதிகாலையில் பால்வெட்டச் சென்ற பெண்ணின் பெயர் எங்கே? மலாயாவின் இரயில்பாதைகளிலும் இரப்பர்த் தோட்டங்களிலும் தமிழர் சிந்திய வியர்வை கொஞ்சமன்று. அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் அவ்வட்டாரத்தில் வாழ்கின்றனர். அவர்களுடைய பிள்ளைகளுக்கென்று தமிழ்ப் பள்ளிகளும் அங்குண்டு. 1933ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் இருபத்தைந்து இளைஞர்களுடன் மலாய்ப் படைப்பிரிவு தோன்றியது போர்ட்டிக்சனில்தான். 1945 செப்டம்பரில், சப்பானியர் சரணடைந்தபின், இந்தியப் படைவீரர் பலர் அக்கரையில் இறங்கினர். படைகளின் வருகை நூல்களில் பதிவாகியுள்ளது. பால்வெட்டியவரின் வாழ்க்கையோ பெரிதும் முதியோர் நினைவில் மட்டுமே தங்கியுள்ளது. அம்முதியோரும் ஒவ்வொருவராக நம்மை விட்டுப் பிரிகின்றனர்.

ஆசிரியப் பணியில் பல்லாண்டு கழித்தவன் என்ற முறையில் ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். கல்விச் சுற்றுலா என்ற பெயரில் மாணவர்களைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்கிறோம். அவர்கள் மணல்வீடு கட்டட்டும், அலையில் விளையாடட்டும், அது குழந்தைகளின் உரிமை. ஆயினும், ஒரு மணிநேரத்தை அம்முனைக்கு ஒதுக்குவோம். காட்டுவழியே ஏறி நின்று நீரிணையைக் காட்டுவோம். இன்றும் அவ்வழியே சரக்குக் கப்பல்கள் ஓயாது செல்கின்றன. வசந்தத்தில் வடக்கு நோக்கித் திரும்பும் பருந்தினங்கள் சுமத்திராவிலிருந்து நீரிணையைக் கடந்து அம்முனையை வந்தடைகின்றன. வணிகமும் போரும் அவ்வழியே ஏன் வந்தன என்பதனை ஒரு நிலப்படத்தைக் கொண்டு அங்கேயே விளக்கிவிடலாம்.

வீடு திரும்பியபின் மாணவர்களுக்கு ஒரே ஒரு பணி தரலாம். பாட்டனிடமோ பாட்டியிடமோ சென்று, எந்தத் தோட்டத்தில் பிறந்தார்கள், என்ன வேலை செய்தார்கள், யாருடன் அந்நாட்டுக்கு வந்தார்கள் என்று கேட்டு, ஊரும் ஆண்டும் குறித்து எழுதி வரட்டும். பள்ளி நூலகத்தில் அவ்வேடுகளைத் தொகுத்து வைப்போம். போர்த்துக்கீசியர் பெயரும் ஆங்கிலேயர் பெயரும் நிலப்படத்தில் இருக்கின்றன; நம் முன்னோர் பெயரை எழுதிவைக்கும் கடமை நம்முடையது. அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. ஓர் ஏடும், கேட்கும் பொறுமையும் போதும்.