கல்யாண முருங்கைத் தோப்பும் பச்சை மடிக்கணினியும்



போன வாரம் வீட்டுக்கு வந்த பழைய மாணவர் ஒருவர், "பிள்ளைகளுக்கு மலிவு விலை மடிக்கணினி கொடுப்பதெல்லாம் வீண் செலவுதானே டீச்சர்?" என்று கேட்டார். அன்று பாதி பதில்தான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன். சற்று நீளம், பொறுத்துப் படியுங்கள்.

2005 நவம்பரில் துனிசியாவில் நடந்த ஐ.நா. மாநாட்டில், அமெரிக்கப் பேராசிரியர் நிக்கோலஸ் நெக்ரோபோன்டே ஒரு பச்சை மடிக்கணினியைக் காட்டினார். அன்றைய ஐ.நா. பொதுச் செயலாளர் கோஃபி அன்னானும் மேடையில் இருந்தார். விலை 100 டாலர் இருக்கும், மின்சாரம் இல்லாத ஊரில் கையால் சுற்றியே ஓட்டலாம் என்றார்கள். 2007இல் விற்பனைக்கு வந்தபோது விலை ஏறத்தாழ 188 டாலர். சுற்றும் கைப்பிடியும் இல்லை. அதுகூடப் பெரிய குறையல்ல. கருவியைக் கொடுத்தால் குழந்தை தானே கற்றுக்கொள்ளும் என்று நம்பியவர்கள், ஆசிரியரைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. குறை அங்கேதான்.

இந்தக் கணினியை மிக அதிகமாக வாங்கிய நாடு தென் அமெரிக்காவின் பெரு. 8 லட்சத்துக்கும் மேல். மலைக் கிராமப் பள்ளிகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. ஆசிரியர்களுக்குத் திட்டமிட்ட பயிற்சி வெறும் 40 மணி நேரம். பெரும்பாலான பள்ளிகளில் இணையமும் இல்லை. அமெரிக்க நாடுகள் வளர்ச்சி வங்கி 319 கிராமப் பள்ளிகளை ஆராய்ந்து 2012இல் அறிக்கை வெளியிட்டது. கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயர்ந்ததற்குச் சான்று இல்லை என்றது அது.

அதே கண்டத்தின் சிறிய நாடு உருகுவே. அதிபர் தபாரே வாஸ்கேஸ் ஆட்சியில், 2007 மே மாதம் வில்லா கார்தால் என்ற சிற்றூரில் திட்டம் தொடங்கியது. பெயர் 'செய்பால்'. செய்போ அவர்களின் தேசிய மலர். நம் கல்யாண முருங்கையின் நெருங்கிய உறவு. செய்பால் என்றால் அந்த மரங்களின் தோப்பு. 2009 இறுதிக்குள் அரசுத் தொடக்கப்பள்ளி மாணவர் அனைவருக்கும் கணினி கிடைத்தது. சுமார் 18,000 ஆசிரியர்களுக்கும் கொடுத்தார்கள். பள்ளிகளுக்கு இணைய இணைப்பும் போட்டார்கள். ஆனாலும் அங்கே நடந்த ஓர் ஆய்வும் கணக்கு, வாசிப்பு இரண்டிலும் மாற்றம் இல்லை என்றே சொன்னது.

உருகுவே அதோடு விட்டுவிடவில்லை. 2012இல் பிரிட்டிஷ் கவுன்சிலுடன் சேர்ந்து புதிய வழி ஒன்றைத் தொடங்கியது. தொடக்கப்பள்ளிகளில் ஆங்கில ஆசிரியர் போதவில்லை. அதனால் வாரம் ஒரு வகுப்பைத் தொலைவில் இருக்கும் ஆசிரியர் திரை வழியாக எடுப்பார். சிலர் அர்ஜென்டினாவில் இருந்தார்கள், சிலர் பிலிப்பைன்சில். மற்ற இரண்டு வகுப்புகளை வகுப்பாசிரியரே நடத்த வேண்டும், ஆங்கிலம் தெரியாவிட்டாலும்! கையில் பாடக்குறிப்பு இருக்கும். இரண்டு ஆசிரியர்களும் வாராவாரம் கலந்து பேசிக்கொள்வார்கள். வகுப்பாசிரியர் ஆங்கிலம் படிக்கத் தனியாக இணையப் பாடமும் உண்டு. பிள்ளைகள் திரையைப் பார்த்துச் சொல்லும் சொல்லை, அவர்களோடு உட்கார்ந்து ஆசிரியரும் சொல்லிப் பழகுவார். தொலைநிலைக் கல்விக்கென்று அவர் ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. தன் வகுப்பறையிலேயே படித்தார்.

இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் பள்ளிக்கு முதல் கணினி வந்தபோது, துணி போட்டு மூடி அறையைப் பூட்டி வைத்தோம். எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்பது உண்மை. ஆனால் ஒரு மாணவன், "டீச்சர், எனக்குத் தெரியும், காட்டட்டுமா?" என்று கேட்டான். "போய் உன் வேலையைப் பார்" என்று விரட்டினேன். அது கோபம் இல்லை, பயம். தெரியாது என்பதை மாணவர் முன்னால் ஒப்புக்கொள்ளும் பயம். தம்பி, நீ இதைப் படித்தால் டீச்சரை மன்னித்துவிடு.

ஆகவே என் பதில் இதுதான். கணினி வீண் செலவல்ல. ஆசிரியரை விட்டுவிட்டு வாங்கினால்தான் வீண். அவருக்கும் ஒன்று கொடுத்து, கற்றுக்கொள்ள நேரமும் கொடுக்க வேண்டும். தெரியாததை வகுப்பில் கூச்சமின்றிச் சொல்லும் துணிவு மட்டும் அவரே தேடிக்கொள்ள வேண்டியது.

உங்களில் இப்போது ஆசிரியராக இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்