திரைக்குப் பின்னால் நிற்கும் தோழமை

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்க் கடற்கரைகளில் கரைவலை இழுப்போரைப் பார்த்தவர்கள் ஓர் உண்மையை அறிவார்கள். அம்பாப் பாட்டின் தாளத்துக்கு அனைவரும் ஒருசேரக் காலூன்றினால்தான் கயிறு நகரும். ஆயினும் பாட்டு மட்டும் வலையைக் கரை சேர்ப்பதில்லை. இழுத்த கைக்குப் பங்கு உண்டென்ற நம்பிக்கையே பாட்டுக்கு உயிர் தருகிறது. கடும் உழைப்பைக் கோரும் படப்பிடிப்புக்கும் இவ்விதி பொருந்தும் என்பதற்குத் திரைப்பட வரலாறே சான்று.

முதற் சிங்களப் பேசும் படமான 'கடவுனு பொறொந்துவ' 1947இல் தென்னிந்திய ஸ்டூடியோவிலிருந்து வந்தது. அந்த மரபை உடைத்து, லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1956இல் வெளிவந்த 'ரேகாவ' படத்தைக் கிராமத்து வெயிலிலேயே எடுத்தார். ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக்கும் படத்தொகுப்பாளர் டைட்டஸ் தொட்டவத்தவும் அவரைப் போலவே அரசாங்கத் திரைப்படப் பிரிவின் நிச்சயமான சம்பளத்தை உதறிவிட்டு வந்தவர்கள். படம் தம்முடையது என்ற உணர்வே அம்மூவரையும் பிணைத்தது எனலாம்.

வங்கத்தில் சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' இதனினும் கடும் சோதனையைக் கண்டது. 1952 அக்டோபரில் படப்பிடிப்பு தொடங்கிற்று. ராய்க்கு அதுவே முதற்படம்; 21 வயது ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா அதற்குமுன் சினிமாக் காமிராவை இயக்கியதில்லை. ராய் விளம்பர நிறுவன ஊழியராதலால் விடுமுறை நாட்களே வேலை நாட்களாயின. முதல் நாள் நாணற்பூ வயலிலே எடுத்த காட்சியைத் தொடர மறுவாரம் சென்றால், பூவெல்லாம் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன! மீண்டும் பூக்கும் பருவத்துக்குக் காத்திருந்தனர். புத்தகங்கள் விற்கப்பட்டன, மனைவியின் நகைகள் அடகுக்குப் போயின, வேலை மாதக்கணக்கில் நின்றது. இறுதியில் மேற்கு வங்க அரசின் பணத்தால் 1955இல் படம் வெளிவந்தது. மித்ரா, கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா, தொகுப்பாளர் துலால் தத்தா ஆகியோர் அடுத்த 'அபராஜிதோ'விலும் (1956) ராயுடன் நின்றனர். துன்பம் அவர்களைப் பிரிக்கவில்லை.

ஆனால் இந்தத் தியாகத்தையே சாக்காக்கி, கூலியைக் குறைக்கும் முதலாளிகளும் உண்டு. விளக்குச் சுமப்பவனின் பசியைக் கலையார்வம் ஆற்றுமா? 1960இல் 'பாதை தெரியுது பார்' படத்தை இயக்கிய நிமாய் கோஷும், அதற்கு இசையமைத்த எம். பி. சீனிவாசனும், சென்னையில் திரைப்படத் தொழிலாளர் சங்கங்களைக் கட்டுவதில் முன்னின்றது இதனாலேயே. தோழமை உணர்ச்சிக்கு உரிமை என்னும் அரண் வேண்டுமென அவர்கள் கண்டனர்.

நம் கரையோர ஊர்களில் படம் எடுக்க முனையும் மாணவர்களுக்கு இவ்வரலாறு சொல்வது ஒன்றே. உற்சாகம் மேடைப் பேச்சால் ஊட்டப்படுவதன்று. வேளைக்கு உணவு, உரிய ஓய்வு, கருத்துக்கு மதிப்பு, திரையில் பெயர், வருவாயில் பங்கு: இவை இருக்குமிடத்தில் அது தானே பிறக்கும்.