வீட்டுக் குப்பைக் கட்டணம்: மதராசி கேம்ப், டெல்லி

மதராசி கேம்ப் டெல்லி ஜங்புராவில், பாராபுல்லா நாலாவின் (வடிகாலின்) கரையில் இருந்த தமிழர் குடிசைப்பகுதி. தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்து, வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் போன குடும்பங்கள் பல பத்தாண்டுகள் இங்கு வாழ்ந்தன. ஆக்கிரமிப்பால் நாலா அடைபட்டு மழைநீர் தேங்குகிறது என்ற வழக்கில், டெல்லி உயர் நீதிமன்றத்தின் 2025 மே 9 உத்தரவின்படி, ஜூன் 1 அன்று சுமார் 370 குடிசைகள் இடிக்கப்பட்டன. தகுதி ஏற்கப்பட்ட குடும்பங்களுக்கு மட்டும் தொலைவிலுள்ள நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது.

கட்டணம்

2016 ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையைத் தரம் பிரித்துக் கொடுக்கவும், பயனர் கட்டணம் செலுத்தவும் சொல்லின. வடிகாலில் கொட்டுவதைத் தடை செய்தன. 2025 இல் டெல்லி மாநகராட்சி சொத்து வரியுடன் இக்கட்டணத்தை வசூலிக்கத் தொடங்கியது: 50 சதுர மீட்டர் வரையிலான வீட்டுக்கு மாதம் 50 ரூபாய், 200 வரை 100 ரூபாய், அதற்கு மேல் 200 ரூபாய். குடியிருப்போர் நலச் சங்கங்கள் எதிர்த்தன. இது வீட்டின் அளவை வைத்து விதித்த தொகை. ஒரு பை போட்டாலும் பத்துப் பை போட்டாலும் அதே பணம் என்பதால், குப்பையைக் குறைக்க யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை.

குடிசைப்பகுதியின் கணக்கு

மதராசி கேம்ப் போன்ற குடிசைப்பகுதியில், குப்பை வண்டி நுழையாத சந்தில் கட்டணம் என்பது பணம் மட்டுமல்ல. வேலைக்குப் போகுமுன் தொட்டி வரை நடக்கும் நேரமும் அதில் சேரும். பழைய பேப்பர், இரும்பு, பாட்டில் ஆகியவற்றைக் கபாடிக்காரர் (பழைய பொருள் வியாபாரி) காசு கொடுத்து வாங்குவதால் அவை வீட்டு மூலையில் சேர்த்து வைக்கப்படுகின்றன. ஷாம்பு பாக்கெட்டையும் மெல்லிய பாலித்தீன் பையையும் எவரும் வாங்குவதில்லை. நாலாவை அடைப்பவற்றில் இப்படி விலைபோகாத பொருட்களும் உண்டு.

பிறநாட்டு அனுபவம்

தென்கொரியா 1995 இல் பைக்குப் பை கட்டணம் கொண்டுவந்தது. குப்பை குறைந்தது, மறுசுழற்சி பெருகியது. அமெரிக்காவின் சார்லட்ஸ்வில் நகரில் ஒரு பைக்கு 80 சென்ட் வைத்தபோது, குப்பையின் கன அளவு 37 விழுக்காடு குறைந்தாலும் எடை 14 விழுக்காடே குறைந்தது. மக்கள் பையை மிதித்து அமுக்கி நிரப்பினர். அந்த எடைக் குறைவிலும் ஒரு பங்கு கள்ளத்தனமாகக் கொட்டப்பட்டிருக்கலாம் என ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர்.

மதிப்பீடு

வாசலுக்கு வண்டி வரும் இடத்தில்தான் கட்டணம் பழக்கத்தைத் திருத்தும். வண்டியே வராத இடத்தில் அது குப்பையை நாலாவுக்குத் தள்ளும். ஆகவே ஏழைக் குடியிருப்புகளில் சேவை முதலில் வரவேண்டும். கட்டணம் அதன் பிறகே நியாயமாகும்.